ஒரே நோய்க்கு ரெண்டு அட்டை மாத்திரையா? மஞ்சப்பையோட பார்மசிஸ்ட்டைப் பார்ப்பது ஏன் அவசியம்?

'அண்ணா, பிரஷர் மாத்திரை ஒரு அட்டை குடுங்க.'

'எந்த பிரஷர் மாத்திரைங்க? பேரு சொல்லுங்க.'

'அதாங்க, சின்னதா வெள்ளையா இருக்குமே...'

தமிழ்நாட்டில் எந்த மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்றாலும் இந்த உரையாடல் காதில் விழும். ஒரே ஒரு மாத்திரை சாப்பிடுபவருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் காலையில் ஐந்து, ராத்திரி ஐந்து என்று விழுங்கும் ஒருவருக்கு, 'சின்ன வெள்ளை மாத்திரை' என்பது வீட்டில் இருக்கும் நான்கு அட்டைகளில் எதுவாகவும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலைப் பிரிக்க உலகின் பல நாடுகளில் ஒரு வழி இருக்கிறது. நோயாளி சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு, தேவைதானா, ஒன்றோடொன்று மோதுகிறதா என்று ஒரு பார்மசிஸ்ட் உட்கார்ந்து பார்ப்பார். இதைத்தான் மருந்து மறுஆய்வு என்கிறார்கள். தமிழ்நாட்டில், குறிப்பாக மத்திகிரி மாதிரியான எல்லைப்புற ஊர்களில், இது ஏன் தேவை? இதை யார் செய்யலாம்? நீங்கள் என்ன எடுத்துப் போக வேண்டும்?

மத்திகிரியில் என்ன சிறப்பு?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது மத்திகிரி. இப்போது ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. பெங்களூரு சுமார் 40 கி.மீ. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். அதனால் இதயம், மூளை, சிறுநீரகம் என்று பெரிய பிரச்சினை வந்தால் பலர் கிளம்புவது பெங்களூருக்குத்தான்.

இங்கே ஒரே வீட்டுக்குள் பல வழிகளில் மாத்திரை வந்து சேரும். பிரஷருக்கும் சுகருக்கும் அரசு தரும் மாத்திரை. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் என்றால் இஎஸ்ஐ மருந்தகம். ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவரும் இஎஸ்ஐ சிகிச்சையைத் தொடரலாம். அது போக ஓசூரில் ஒரு தனியார் டாக்டர், பெங்களூரில் ஒரு ஸ்பெஷலிஸ்ட், முட்டி வலிக்கு பக்கத்துத் தெரு மெடிக்கல், சளிக்கு ஒரு சிரப், மூட்டுக்கு ஒரு நாட்டு மருந்துப் பொடி.

ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர் என்ன எழுதினார் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. எல்லா மருந்தும் கடைசியில் சேரும் இடம், நோயாளியின் வயிறு.

வீடு தேடி வந்த மாத்திரை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் தனி இடம் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் முதல்வர் மு.க.ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது. பிரஷர், சுகர் நோயாளிகளின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது இதன் மையம். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

இந்தத் திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்த, 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. நோய் இருக்கும் எல்லோருக்கும் மாத்திரை போய்ச் சேருவதே முதல் சவால். அந்தச் சவாலில் தமிழ்நாடு பெரிய அடி எடுத்து வைத்திருக்கிறது.

அடுத்த கேள்வி இனிமேல்தான். மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று யார் பார்ப்பது?

பத்து மாத்திரை, மூன்று ஆபத்து

ஒரு கற்பனை உதாரணம். 66 வயது ஆண், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரசு வழியாக வரும் மாத்திரைகள் மூன்று: அம்லோடிபின், அட்டெனலால், மெட்ஃபார்மின். போன வருடம் பெங்களூரில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே எழுதியது ஐந்து: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், வயிற்றுக்கு பான்டோப்ரசோல். சுகர் குறையவில்லை என்று ஓசூரில் ஒரு டாக்டரைப் பார்த்ததில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரு கூட்டு மாத்திரை. முட்டி வலிக்கு, சீட்டு இல்லாமலே வாங்கிய அசிக்ளோஃபினாக். மொத்தம் பத்து.

இதில் என்ன சிக்கல்?

ஒன்று, மெட்ஃபார்மின் இரண்டு தடவை போகிறது. ஒன்று தனியாக, இன்னொன்று கூட்டு மாத்திரைக்குள் ஒளிந்துகொண்டு. பலர் மனதில் நிற்பது அட்டையில் இருக்கும் கம்பெனி வைத்த பெயர்தான். உள்ளே என்ன மருந்து என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்தின் அளவு கூடினால் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். சிறுநீரகம் பலவீனமானவருக்கு இது இன்னும் ஆபத்து.

இரண்டு, அட்டெனலாலும் மெட்டோப்ரோலாலும் ஒரே குடும்பத்து மருந்துகள். பெயர் வேறு, வேலை ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் நாடித்துடிப்பு ரொம்பவே குறைந்து, தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. 'வயசாச்சு, அதான் கிறுகிறுன்னு வருது' என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

மூன்று, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தம் உறையாமல் இருக்கத் தருபவை. அவற்றோடு அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. வலி மாத்திரை சிறுநீரகத்தையும் பாதிக்கும், பிரஷரையும் ஏற்றும். அப்போது பிரஷர் மாத்திரை போதவில்லை என்று இன்னொன்று சேரும்.

இந்த மூன்றையும் எந்த ஒரு டாக்டரும் தனியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காரணம், பத்து மாத்திரையும் ஒரே சீட்டில் இல்லை.

மாத்திரைக்கு மாத்திரை

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. ஒரு மாத்திரையின் பக்கவிளைவு புது நோய் மாதிரி தெரியும். அதற்கு இன்னொரு மாத்திரை எழுதப்படும். சங்கிலி நீளும்.

நல்ல உதாரணம் அம்லோடிபின். பிரஷருக்கு நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குக் கால் வீங்கும். வேறொரு டாக்டரிடம் 'கால் வீங்குதுங்க' என்று மட்டும் சொன்னால், நீர் பிரிய ஒரு மாத்திரை சேரலாம். நீர் அதிகம் பிரிந்தால் உடம்பில் உப்பு குறையும், சோர்வு வரும், ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறபோது இருட்டில் விழலாம். முதலில் யாராவது 'கால் வீக்கம் எப்போ ஆரம்பிச்சது? அந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகா?' என்று கேட்டிருந்தால் போதும்.

மெட்ஃபார்மினும் அசிடிட்டி மாத்திரையும் வருடக்கணக்கில் போனால் பி12 சத்து குறையலாம். கால் மரத்துப்போகும். அது சுகரால் வந்ததா, சத்துக் குறைவால் வந்ததா என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்புச் சத்து மாத்திரையோ சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதற்குப் புது மருந்து தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

மறுஆய்வு என்றால் என்ன செய்வார்கள்?

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுவதைத்தான் பொதுவாகப் பன்மருந்துப் பயன்பாடு என்று கணக்கு வைக்கிறார்கள். அது எப்போதும் தப்பு இல்லை. மாரடைப்பு வந்து மீண்டவருக்கு நாலைந்து மருந்துகள் உண்மையிலேயே தேவை. எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் மறுஆய்வின் நோக்கமல்ல. சில நேரம் விட்டுப்போன ஒரு மருந்தைச் சேர்க்கச் சொல்வதும் உண்டு.

மறுஆய்வில் கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை. இந்த மாத்திரை எதற்கு? எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நாளைக்குச் சொன்னார்கள்? ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா? ஒன்றோடொன்று மோதுகிறதா? கிரியேட்டினின் அளவுக்கு இந்த டோஸ் சரியா? கடைசியாக, ரொம்ப முக்கியமான கேள்வி: நிஜமாகவே எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பல முடிச்சுகளை அவிழ்க்கும். 'காசு இல்லன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்', 'நைட் ஷிப்ட்ல போட மறந்துடுவேன்', 'நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்திட்டேன்.' ஷிப்ட் வேலை அதிகம் உள்ள ஓசூர் பகுதிக்கு இது சாதாரண விஷயமில்லை. இரவு வேலைக்குப் போய் நேரத்துக்குச் சாப்பிடாமல் கிளிமிபிரைடு மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம். மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு அது உயிர் விஷயம்.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் டாக்டர் பரிந்துரைத்தால் பார்மசிஸ்ட் வீட்டுக்கே வந்து மருந்துகளைப் பார்த்து அறிக்கை தரும் திட்டம் 2001-லிருந்து இருக்கிறது. அதற்கு அரசு கட்டணம் தருகிறது. இங்கிலாந்தில் 2020-லிருந்து ஆரம்ப சுகாதார அமைப்புகளில் பார்மசிஸ்ட்டுகள் இந்த மறுஆய்வைச் செய்கிறார்கள். அங்கே 2021-ல் அரசு வெளியிட்ட ஓர் அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையில் வழங்கப்படும் மருந்துகளில் சுமார் 10 சதவீதம் தேவையற்றதாகவோ பொருத்தமற்றதாகவோ இருக்கலாம் என்றது.

அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழி பிரபலம். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் பழுப்பு நிறக் காகிதப் பையில் போட்டு எடுத்துவரச் சொல்வார்கள். நமக்குப் பழுப்புப் பை எதற்கு? மஞ்சப்பை இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் 'பாதிப்பில்லாத மருந்துப் பயன்பாடு' என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்துப் பிழைகளால் உலகம் இழக்கும் தொகை வருடத்துக்குச் சுமார் 4,200 கோடி டாலர் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. அந்த முயற்சி முன்னுரிமை கொடுத்த மூன்று விஷயங்களில் ஒன்று பன்மருந்துப் பயன்பாடு.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

ஆச்சரியம் என்னவென்றால், இந்தியச் சட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது. இந்திய பார்மசி கவுன்சில் 2015-ல் கொண்டுவந்த பார்மசி நடைமுறை விதிமுறைகள், பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் ஆராய வேண்டும் என்கின்றன. ஒரே மருந்து திரும்ப வருகிறதா, மருந்துகள் மோதுகின்றனவா, அளவு தப்பா, ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் பார்க்கச் சொல்கின்றன. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவரது கடமை.

ஆட்களும் இருக்கிறார்கள். 2008-லிருந்து இந்தியாவில் ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பு நடக்கிறது. அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. ஊட்டி, மைசூரு ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரிகள் 1990-களின் பிற்பாதியிலேயே மாணவர்களை மருத்துவமனை வார்டுக்கு அனுப்பி, டாக்டர்களோடு சேர்ந்து மருந்துச் சீட்டுகளை ஆராயும் படிப்பைத் தொடங்கிவிட்டன. ஊட்டியும் மைசூருவும் மத்திகிரிக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

பிறகு எங்கே தடை? ஆஸ்திரேலியாவில் உள்ளது போல இந்த வேலைக்கென்று இங்கே தனிக் கட்டணம் இல்லை. மருந்து விற்றால் லாபம். 'இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம், டாக்டரைக் கேளுங்க' என்று இருபது நிமிடம் பேசினால் கடைக்கு ஒரு ரூபாய்கூட வராது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்திலும் ஜன்னலுக்கு வெளியே நீளும் வரிசைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மசிஸ்ட் தானாக மருந்தை மாற்ற முடியாது. மருந்துகள் விதிகள் 1945-ன்படி, ஷெட்யூல் ஹெச், எக்ஸ் பட்டியலில் உள்ள மருந்துக்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுப்பதற்கே அனுமதி இல்லை, உள்ளே அதே மருந்து இருந்தாலும்கூட. அவர் செய்யக்கூடியது, சிக்கலைக் கண்டுபிடித்து, எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் அனுப்புவது. முடிவு டாக்டருடையது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் ஐந்துக்கு மேல் மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

• ஒரு மஞ்சப்பையில் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் போடுங்கள். அரசு கொடுத்தது, தனியாரில் வாங்கியது, இன்சுலின், கண் சொட்டு மருந்து, சிரப், தைலம், சத்து மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வலி மாத்திரை எல்லாமே.

• அட்டையை வெட்டி டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அட்டையில்தான் இருக்கின்றன.

• ஒரு தாளில் எழுதுங்கள்: மருந்தின் உள்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர், எதற்கு. 'எதற்கு' என்ற இடம் காலியாக இருந்தால் அதுதான் முதலில் கேட்க வேண்டிய மாத்திரை.

• டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த கிரியேட்டினின், சர்க்கரை ரிப்போர்ட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

• எல்லா மருந்தையும் முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், 'பார்மசிஸ்ட் இருக்காருங்களா?' என்று கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் எல்லோரும் பார்மசிஸ்ட் அல்ல.

• அரசு மாத்திரை வாங்குபவர் என்றால், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வெளியே சாப்பிடும் மருந்துகளைச் சொல்லுங்கள். 'திட்டுவாங்களோ' என்று மறைக்க வேண்டாம்.

• பெங்களூரு டாக்டரிடம் போகும்போதும் இதே தாளைக் காட்டுங்கள். எழுதும்போது மருந்தின் உள்பெயரை உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதினால் எல்லைக்கு இரண்டு பக்கமும் படிக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலைச் சட்டென்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் அப்படியே. 'மூட்டுவலிப் பொடி' என்று பெயரில்லாமல் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவர் நிறுத்துவதற்கு முன்பும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ மறுஆய்வுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். மஞ்சப்பையையும் ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.

ஒரு மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், நோயாளியே அதைப் புகாராகச் சொல்லலாம். மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.

அடுத்து என்ன?

தமிழ்நாடு மருந்து கொள்முதலில் ஏற்கெனவே முன்னோடி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாதிரியைப் பல மாநிலங்கள் பின்பற்றின. 2025 பிப்ரவரி 24-ம் தேதி குறைந்த விலைக்கு மருந்து விற்கும் 1,000 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. மருந்து வாங்குவது, விலையைக் குறைப்பது, வீட்டுக்கே கொண்டு சேர்ப்பது என மூன்றும் நடந்திருக்கிறது.

நாலாவது வேலை மிச்சம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதத்துக்கு ஒருநாள், ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு என்று ஒரு மேசை, ஒரு பார்மசிஸ்ட், ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம். இதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம், சட்டமும் படித்தவர்களும் தயாராக இருக்கிறார்கள். வீடு தேடி மாத்திரை போகும் திட்டம் தொடங்கிய மாவட்டத்திலேயே இதையும் தொடங்கிப் பார்க்கலாம்.